சரணத்துக்குள் புகுந்த லத்தீன் கறி

ஐயப்ப சாமிக்கு லத்தீன் தெரியுமா? நான்காம் வகுப்பு படிக்கும் என் மகள்தான் கேட்டாள். சாமிக்கு எல்லா மொழியும் தெரியும் என்று சொல்ல வாயெடுத்தேன். அப்படிச் சொன்னால் எங்கள் நிலைமை இன்னும் மோசமாகிவிடுமே என்று தோன்றியது. தோசையைத் திருப்புகிற சாக்கில் அடுப்படிக்குப் போய்விட்டேன். 

நாங்கள் இருப்பது ஆவடியைத் தாண்டி முத்தாபுதுப்பேட்டையில். கணவருக்கு அம்பத்தூரில் கம்ப்யூட்டர் வேலை. பெரிய பக்திமான் எல்லாம் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை கறிக்கடையில் முதல் ஆளாக நிற்பதுதான் அவருக்குப் பூஜை. அப்படிப்பட்டவர் இந்தக் கார்த்திகையில் மாலை போட்டுக்கொண்டார். போன மழைக்காலத்தில் மகளுக்கு டெங்கு வந்து ரத்தத்தில் பிளேட்லெட் இறங்கிக்கொண்டே போனபோது, ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று வேண்டிக்கொண்டாராம். பிள்ளை தேறி வீட்டுக்கு வந்த பிறகுதான் என்னிடமே சொன்னார்.

அதனால் இந்த விரதத்தில் ஒரு சின்னப் பிசகு நேர்ந்தாலும் அது பிள்ளையின் தலையில் போய் விழுமோ என்று எனக்குப் பயம். படித்தவள் இப்படி நினைக்கலாமா என்று என்னையே திட்டிக்கொள்வேன். திட்டிக்கொண்டே, கழுவிய பாத்திரத்தை மறுபடியும் கழுவுவேன். மாலை போட்டவரைச் சாமி என்றுதான் கூப்பிட வேண்டும். "சாமி, ஈரத்துண்ட சோபாவுல போடாதீங்க" என்று சொல்லவும் பழகிக்கொண்டேன்.

மகள் ஆங்கிலச் சொற்போட்டி ஒன்றுக்காக இணையத்தில் வகுப்பில் சேர்ந்திருக்கிறாள். பல ஆங்கிலச் சொற்களுக்கு வேர் லத்தீனில் இருக்கிறது என்று வாரம் ஒரு தலைப்பாக நடத்துகிறார்கள். போன வாரம் பார்த்துத் தலைப்பு, உணவும் இறைச்சியும். பானிஸ் என்றால் ரொட்டி. கூட உட்கார்ந்து ரொட்டியைப் பகிர்ந்து தின்கிறவன் என்பதிலிருந்துதான் ஆங்கிலத்தில் தோழனைக் குறிக்கும் கம்பானியன் வந்ததாம். கேட்க நன்றாகத்தான் இருந்தது. அடுத்த பக்கத்தைப் புரட்டியதும் எனக்கு வியர்த்துவிட்டது. காரோ, இறைச்சி. அக்னீனா, செம்மறிக்குட்டிக் கறி. கப்ரீனா, வெள்ளாட்டுக் கறி. விரதத்துக்காகப் பிரிட்ஜைக்கூட மஞ்சள் தண்ணீர் போட்டுத் துடைத்தவள் நான்.

"சாப்பிடத்தானே கூடாது, படிச்சா என்ன?" என்றார் கணவர். பிறகு அவரே மகளைக் கேட்டார்: "கப்ரீனான்னா இன்னொரு தடவ சொல்லு?"

"வெள்ளாட்டுக் கறி, சாமி."

கப்ரீனா, கப்ரீனா என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். "பேரு நல்லா இருக்கு" என்றார். அந்தக் குரலில் பல வார ஞாயிற்றுக்கிழமைகள் இருந்தன.

மகளுக்கு அந்தச் சொற்கள் மனதில் நிற்கவே இல்லை. கடைசியில் அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். தினமும் சாயங்காலம் அப்பா சரணம் சொல்வதைக் கேட்டுக் கேட்டு அந்தத் தாளம் அவளுக்குப் படிந்திருந்தது. ஒவ்வொரு சொல்லையும் அதே ராகத்தில் இழுத்துச் சொல்ல, எல்லாம் மளமளவென்று மனப்பாடமாகிவிட்டது.

போன சனிக்கிழமை எங்கள் வீட்டில் பஜனை. குருசாமி தன் குழுவோடு வந்திருந்தார். குமணன்சாவடிக்காரர், ஆவடித் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், குரல் மட்டும் ஓய்வு பெறவில்லை. பூஜை முடிந்து சாமிகள் எல்லாம் ஹாலில் பந்திக்கு உட்கார்ந்திருந்தார்கள். நான் அடுப்படியில் வடை எடுத்துக்கொண்டிருந்தேன். மகள் ஜன்னலோரம் நின்று முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

"இன்னா சாமி, நீயே சொல்லிகினு நீயே கேட்டுகினு கீறே?" குருசாமியின் குரல் கேட்டது. "சத்தமா சொல்லு, நாங்களும் சொல்றோம்ல!"

பிள்ளைக்கு அதைவிட என்ன வேண்டும்?

"பானிஸே!"

"சரணம் ஐயப்பா!" என்று ஹாலே அதிர்ந்தது.

எனக்குக் கரண்டி கையோடு ஒட்டிக்கொண்டது. அந்தப் பாடத்தின் வரிசை எனக்குத் தெரியும். முதலில் ரொட்டி, பால், உப்பு, தேன். அதோடு நிறுத்திவிட்டால் யாருக்கும் ஒன்றுமில்லை. பாலுக்குச் சரணம் சொன்னார்கள். உப்புக்குச் சொன்னார்கள். "சாமி, இலை போட்டுடலாமா?" என்று உள்ளேயிருந்து கத்தினேன்.

"இரும்மா, பாப்பா முடிக்கட்டும்!"

முட்டை போயிற்று. மீன் போயிற்று. "கப்ரீனாவே!" என்று மகள் கண்ணை மூடிக்கொண்டு இழுத்தாள். அதற்குத்தான் எல்லோரும் கையைத் தூக்கிச் சரணம் சொன்னார்கள். கணவர் கறுப்புத் துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். தோள் இரண்டும் குலுங்கின. பக்கத்துச் சாமி அவரைப் பார்த்துவிட்டு, "பொண்ணு பாடுறத கேட்டு அழுவுறாரு பாரு" என்று தானும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இன்னா பாஷைம்மா இது?" என்று சாப்பிடும்போது குருசாமி கேட்டார்.

"லத்தீன் சாமி. கிளாஸ்ல சொல்லிக்குடுத்தது" என்றேன். அதற்கு மேல் கேட்டுவிடக் கூடாதே என்று பாயசத்தை இரண்டு கரண்டி கூடுதலாக ஊற்றினேன்.

"எந்த பாஷைல சொன்னா இன்னா, சொல்ற மனசு சுத்தமா கீதுல்ல. நாளைக்கு இல்ல, அடுத்த ஞாயித்துக்கெயமை கோயில்ல எங்களுக்கு இருமுடி கட்டுறாங்க. பாப்பா அங்கயும் இத சொல்லணும். மைக் குடுக்கறோம்."

அவர்கள் போனதும் மகளைப் பிடித்தேன். "அர்த்தம் தெரிஞ்சுமா சொன்ன?"

"அவங்கதானம்மா சத்தமா சொல்லச் சொன்னாங்க? பாதியில நிறுத்துனா எனக்கு அப்புறம் வராதும்மா."

கணவரோ, "தெரியாம சொன்னா தோஷமே இல்ல. விட்டுடும்மா" என்கிறார். அவர்களுக்குத்தானே தெரியாது? எனக்குத் தெரியுமே. அவருக்கும் தெரியும். சிரிக்க வேறு செய்தார்.

எனக்கும் அன்று ராத்திரி படுத்தபிறகு சிரிப்பு வந்தது. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? டெங்குவில் எழுந்து உட்காரத் தெம்பில்லாமல் கிடந்த பிள்ளை, தொண்டை நரம்பு புடைக்கக் கத்துவதையும் ஹால் முழுக்க அதற்கு எதிர்க்குரல் கொடுப்பதையும் பார்த்த சந்தோஷம் ஒரு பக்கம். விரதத்துக்கு ஏதும் ஆகிவிட்டதோ என்ற நடுக்கம் ஒரு பக்கம்.

இப்போது ஞாயிறு நெருங்குகிறது. மகள் பட்டுப்பாவாடையை எடுத்து வைத்துவிட்டாள். குருசாமியிடம் உண்மையைச் சொன்னால், மலைக்குப் புறப்படும் நேரத்தில் அந்த நல்ல மனிதரின் மனம் சங்கடப்படுமோ? சொல்லாமல், ரொட்டி, பால், உப்பு, தேனோடு நிறுத்திக்கொள் என்று மகளிடம் சொல்லட்டுமா? சொன்னால், அன்றைக்குத் தான் செய்தது ஏதோ பெரிய தப்பு என்று அவள் எடுத்துக்கொள்வாளே. அவளுக்காகப் போட்ட மாலைக்கு அவளே கெடுதல் செய்துவிட்டதாக அந்தச் சின்ன மனசு நினைத்துவிடக் கூடாது. அதுதான் எனக்கு எல்லாவற்றையும்விடப் பெரிய கவலை. உங்கள் வீட்டில் மாலை போட்டவர்கள் இருந்தால், குழந்தைகளும் இருந்தால், நீங்கள் என்ன செய்வீர்கள் என்று எனக்கு எழுதுங்கள். முதலில் யாரிடம் பேசட்டும், குருசாமியிடமா, மகளிடமா? கொஞ்சம் சீக்கிரம் சொன்னால் நல்லது.