கட்டு அவிழ்க்காத முளைக்கீரை

‘சிறு விவசாயி’ என்று யாராவது மேடையில் ஆரம்பித்தாலே எனக்குக் குமட்டிக்கொண்டு வருகிறது.

திருவொற்றியூரில் நான் கீரை வாங்குகிற அக்காவுக்குக் கால்வாய்க் கரையில் நாலு பாத்தி இருந்தது. கால்வாய்த் தண்ணீரைத் தொடாமல் அடிபம்புத் தண்ணீரில்தான் வளர்ப்பார். பட்டா கிடையாது. கன்டெய்னர் லாரி நிறுத்த இடம் வேண்டும் என்று அரசு ஆட்கள் வந்து எல்லைக்கல் நட்டுவிட்டுப் போனார்கள். அக்கா ஆபீஸ் ஆபீஸாக அலைந்தார். பட்டா இல்லாதவர் விவசாயிக் கணக்கிலேயே வரமாட்டாராம்.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் குடியிருப்பில் மாடித்தோட்டத் திட்டத்துக்குத் தொடக்க விழா. பெரிய அதிகாரி வருகிறார் என்றதும் அக்கா என்னைத் துணைக்குக் கூப்பிட்டார்.

“அவராண்ட ஒரு வார்த்த கேட்டுக்கலாம்மா. அந்த எடத்த வுட்டா எனக்கு இன்னா பொழப்பு கீது?”

மொட்டை மாடியில் வரிசையாகப் பச்சைப் பைகள். ஒவ்வொன்றிலும் தளதளவென்று முளைக்கீரை. பை வந்திறங்கியதே முந்தின நாள்தான். அக்கா குனிந்து ஒரு பையில் மண்ணை விலக்கினார். உள்ளே வாழைநார். கட்டைக்கூட அவிழ்க்காமல் வேரோடு செருகியிருக்கிறார்கள், அறிவுகெட்டதுகள்.

“இது என் கட்டும்மா. காலைல ஒருத்தர் மொத்தமா வாங்கினு போனாரு. கல்யாண வூட்டுக்குன்னு நெனச்சேன்.”

சிறு விவசாயிதான் நாட்டு வளர்ச்சிக்கு முதுகெலும்பு என்று அதிகாரி பேசினார். வெயிலில் கீரை தலைசாய, ஓர் ஊழியர் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருந்தார். அங்கே இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். அத்தனை பேரும் கை தட்டினார்கள். தூ.

போட்டோவுக்கு ஒரு பெண் வேண்டும் என்று அக்காவையே மேடையில் ஏற்றிப் பையைக் கொடுத்தார்கள். நன்றி சொல்லச் சொல்லி மைக்கை நீட்டினார்கள்.

“நன்றி சார். இந்தக் கீரை என் தோட்டத்துல வெளஞ்சது. அங்க லாரி வுடப் போறாங்களாம். வாணான்னு நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க சார்.”

“இந்தப் பையில வளத்துக் காட்டுங்கம்மா,” என்று அதிகாரி சிரித்தார். மைக் கை மாறிவிட்டது. படியிறங்கும்போது அந்தப் பையையும் திரும்ப வாங்கிக்கொண்டார்கள், எண்ணூர் விழாவுக்கு வேண்டுமாம்.

அந்த வாரமே ஜேசிபி வந்து பாத்திகளை மட்டமாக்கிவிட்டது.

இப்போது அக்கா கோயம்பேட்டில் கீரை வாங்கிவந்து எங்கள் கேட் அருகே விற்கிறார். நான் ஒரு கட்டை எடுத்தால் தயங்குகிறார்.

“எந்தத் தண்ணில வளத்தானுங்களோ தெரிலம்மா. நீ வாங்காத.”