என்னை வெளியே அனுப்பிய டாக்டர்

போன மாதம் ஒரு சனிக்கிழமை காலை, தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு பால்கனியில் உட்கார்ந்திருந்தேன். ஹைதராபாத்தின் மறுகோடி மாதாப்பூரிலிருந்து மகன் அருண் கூப்பிட்டான். சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை செய்பவன். சனிக்கிழமைகளில் அவனுக்குப் பகல் பன்னிரண்டுக்குத்தான் பொழுது விடியும். போன் வந்த நேரமே சரியில்லை என்று நினைத்தேன்.

"அப்பா, செண்பகம் ஆண்ட்டி போயிட்டாங்க. நேத்து சாயங்காலம். ஹார்ட். நான் நேரா தார்நாகா போயிட்டிருக்கேன். நீங்க வரீங்களா?" என்றான். அவன் குரல் உடைந்து நான் கேட்டுப் பல வருடங்கள் ஆகின்றன. அப்படியே சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். "எண்ணெத் தலையோட யாராவது எழவு வீட்டுக்குப் போவாங்களா?" என்று மனைவி ரேவதி என்னை இழுத்து நிறுத்தி, நான்கு சொம்புத் தண்ணீர் ஊற்றிய பிறகுதான் விட்டாள். திருமுல்கேரியிலிருந்து இருவரும் ஆட்டோ பிடித்துத் தார்நாகா போனோம்.

இதைப் படிக்கும் இந்த ஊர்த் தமிழர்களான உங்களில் பாதிப் பேராவது டாக்டர் செண்பகவல்லியின் வாசலில் பிள்ளையோடு காத்திருந்தவர்களாக இருப்பீர்கள். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கோவில்பட்டிப் பக்கத்துக்காரர். கணவர் தார்நாகாவில் விஞ்ஞானியாக இருந்து, பணிக்காலத்திலேயே காலமானவர். டாக்டர் அம்மா ஊருக்குத் திரும்பாமல், வீட்டின் முன்னறையையே கிளினிக்காக்கிக்கொண்டார். குழந்தை மருத்துவர்தான். ஆனால் அவரிடம் வந்தவர்களில் பலர் குழந்தைகள் அல்லர். எட்டாவதும் பத்தாவதும் படிக்கும் நெடுநெடுப் பையன்கள், தோளைக் குறுக்கிக்கொண்டு நிற்கும் பெண்கள். "பால்குடிப் பிள்ளைக்கு டாக்டர் இருக்கு. பிரஷர் வந்த பெருசுகளுக்கும் இருக்கு. மீசை அரும்புத பயலுக்கு யாரு இருக்கா, சொல்லுங்க பாப்போம்?" என்று கேட்பார். நாற்பது வருடம் ஹைதராபாத்தில் இருந்தும் அந்தக் கோவில்பட்டி நாக்கு மாறவே இல்லை. காய்கறிக்காரரிடம் வேண்டாம் என்று சொல்ல மட்டும் இந்த ஊர் மொழியில் "நக்கோ பையா" என்பார். அதையும் கோவில்பட்டி ராகத்தில்தான் சொல்வார்.

அவருடைய எலுமிச்சம்பழத்தை மறந்தவர்கள் இருக்க மாட்டீர்கள். பெற்றோர் பிள்ளையோடு உள்ளே போவார்கள். வளர்ந்த பிள்ளையின் வியாதியை தாய் மூச்சுவிடாமல் சொல்வார். டாக்டர் எல்லாவற்றையும் கேட்டுக்கொள்வார். பிறகு, "ஒரு உதவி செய்தியளா? தெருமுனையில வண்டிக்காரன் நிப்பான். ரெண்டு எலுமிச்சம்பழம் வாங்கிட்டு வாங்க. வீட்டுல ஒண்ணுகூட இல்லை" என்பார். டாக்டர் கேட்டால் மறுக்க முடியுமா? தாய் எழுந்து போவார். அவர் திரும்பி வருவதற்குள் உள்ளே அந்தப் பிள்ளையிடம் டாக்டர் தனியாகப் பேசி முடித்திருப்பார். இந்த ஊரில் அந்தக் காலத்தில் தாயைப் பார்த்து "கொஞ்சம் வெளியே இருங்கள்" என்று எந்த மருத்துவரும் சொன்னதில்லை. சொன்னால் அடுத்த முறை வேறு டாக்டரிடம் போய்விடுவார்கள். அதனால்தான் எலுமிச்சம்பழம்.

விஷயம் வெகு சீக்கிரமே பரவிவிட்டது. எங்கள் காலனி மங்களம் மாமி மகளைக் கூட்டிப்போனபோது, கைப்பையில் முன்கூட்டியே பழம் வைத்துக்கொண்டு போனார். டாக்டர் வாயைத் திறப்பதற்குள் மேஜைமேல் எடுத்து வைத்தார். டாக்டர் அதை முகர்ந்து பார்த்துவிட்டு, "நல்ல பழம். அப்படியே கொஞ்சம் புதினாவும் வாங்கிட்டு வந்துருங்க" என்றாராம். மாமி இந்தக் கதையை வருடக்கணக்கில் ஆங்காரத்தோடு சொல்லித் திரிந்தார். ஆனால் மகளை வேறு யாரிடமும் கூட்டிப்போகவில்லை.

இனி என் கதை. அருண் அப்போது ஒன்பதாம் வகுப்பு. கால்பந்துப் பைத்தியம். திடீரென்று ஒரு நாள் விளையாடப் போவதை நிறுத்தினான். அடுத்தது ஜாக்கெட். ஏப்ரல் மாதத்து ஹைதராபாத் வெயிலில், கழுத்து வரை ஜிப் போட்ட குளிர்கால ஜாக்கெட். வீட்டிலும் கழற்ற மாட்டான். கேட்டால் "சும்மா விடுங்கப்பா" என்பான். அதற்குமேல் நாங்கள் தமிழில் கேட்போம். அவன் ஹிந்தியில் முனகுவான். குளியலறையில் அரை மணி நேரம். அறைக்கதவு எப்போதும் சாத்தியே இருக்கும்.

வீட்டில் ஆளுக்கொரு ஆராய்ச்சி நடந்தது. ரேவதி காதல் என்றாள். நான் சிகரெட் என்றேன். என் அலுவலக நண்பர், பையன் கையில் பச்சை குத்தியிருப்பான், அதை மறைக்கிறான் என்றார். பாதுகாப்புத் துறை ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை பார்ப்பவன் நான். எந்தப் பழுதுக்கும் காரணம் கண்டுபிடிக்கத் தெரியும் என்று எனக்கு ஓர் எண்ணம். அவன் தூங்கும்போது முழங்கையைத் தடவிப் பார்த்தேன். அலமாரியை முகர்ந்து பார்த்தேன். ஒன்றும் கிடைக்கவில்லை. என் முழங்கால் வலிக்கு வாங்கிய எலாஸ்டிக் பேண்டேஜ் காணாமல் போனதைத்தான் அந்தச் சோதனையில் கண்டுபிடித்தேன். அதற்கு ரேவதியோடு ஒரு சண்டை போட்டேன்.

பள்ளித் தேர்வு முடிந்த அன்று இரவுச் சாப்பாட்டில் அருண் மெதுவாகச் சொன்னான்: "நான் இனிமே ஸ்கூல் போகல. வீட்டிலேருந்தே எக்ஸாம் எழுதறேன்." நன்றாகப் படிக்கிற பிள்ளை. எது அவனை விரட்டுகிறது என்றுகூடத் தெரியவில்லை. அடுத்த வாரம் சிறப்பு வகுப்புக்கு வற்புறுத்தி அனுப்பினோம். காலைப் பிரார்த்தனையில் மயங்கி விழுந்தான். பள்ளியிலிருந்து நேரே செண்பகவல்லி அம்மாவிடம் கூட்டிப்போனேன்.

அம்மா அவனைப் பார்த்தார், ஜாக்கெட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "சார், ஒரு உதவி செய்தியளா?" என்றார். எனக்குச் சுரீர் என்றது. மயங்கி விழுந்த பிள்ளையை விட்டுவிட்டு எலுமிச்சம்பழம் வாங்கப் போவதா? போகாமல் நின்றேன். "வளருத பிள்ளைக்கு மூணு வேணும் சார். சோறு, தூக்கம், தாப்பாள் போட ஒரு கதவு. மொத ரெண்டையும் நீங்க குடுத்திருக்கிய. போயிட்டு வாங்க" என்றார். போனேன். வண்டிக்காரர் என்னைக் கண்டதும், "டாக்டரம்மா பம்பிந்தா சார்?" என்று தெலுங்கில் சிரித்தார். அம்மாதான் அனுப்பினாரா என்று கேட்கிறார்! அதன்பின் ஒவ்வொரு பழமாக உருட்டி உருட்டிப் பொறுக்கினார். சில்லறை இல்லை என்று பக்கத்துக் கடைக்கு வேறு போனார். அவரும் கூட்டுக்களவாணி என்பது எனக்குப் புரிந்தது.

நான் திரும்பி வந்தபோது அருண் முகம் கழுவியிருந்தான். கண் சிவந்திருந்தது. "வெயில்ல நீர்ச்சத்து குறைஞ்சு மயக்கம். வேற ஒண்ணும் பயப்படாண்டாம். வயசுக்கு ஏத்த மாதிரி நல்லாத்தான் வளருதான். ஆறு மாசம் கழிச்சுக் கூட்டிட்டு வாங்க" என்றார் அம்மா. அவனை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, "ஜாக்கெட் எதுக்கு? உங்ககிட்ட என்ன சொன்னான்?" என்று கேட்டேன்.

"அவன் உடம்பு, அவன் சேதி. சொல்லணும்னு தோணும்போது அவனே உங்ககிட்ட சொல்லுவான்."

"நான் அவன் அப்பாங்க!"

"அதான் சொல்லுதேன். நான் சொல்லிட்டா உங்களுக்குச் சேதிதான் கிடைக்கும். அவன் சொன்னா மகனே கிடைப்பான். உசுருக்கு ஆபத்துன்னா நானே ஓடியாந்து சொல்லுவேன். இது அது இல்லை."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. இந்த அம்மாவின் படியை இனி மிதிப்பதில்லை என்று வீட்டில் பிரகடனம் செய்தேன். என் பிள்ளையைப் பற்றி எனக்குத் தெரியாத ஒன்று ஊரார் ஒருவருக்குத் தெரிந்திருக்கிறது என்பது நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. ரேவதி மட்டும், "அவங்ககிட்டயாவது சொன்னானே, விடுங்க" என்றாள். சில நாளில் பேண்டேஜ், துவைத்துச் சுருட்டி, மருந்து டப்பாவில் இருந்தது. ஜூன் மாதம் பள்ளி திறந்தது. ஜாக்கெட்டோடுதான் போனான். ஆனால் போனான். மழை வந்து நின்ற பிறகு, ஒரு நாள் ஜாக்கெட் கொடியில் தொங்கியது. அது அங்கேயே தொங்கட்டும் என்று நானும் எதுவும் கேட்கவில்லை. கேட்காமல் இருக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

ஆறு மாதம் கழித்து, பிரகடனத்தை மறந்துவிட்டு, நானே கூட்டிப்போனேன். அம்மா வாயைத் திறப்பதற்கு முன்பே கிளம்பத் தயாராக எழுந்தேன். அவர் என்னைப் பார்க்காமல் அவனைக் கேட்டார்: "ஏலே, அப்பா இருக்கட்டுமா, போகட்டுமா?"

அவன் தரையைப் பார்த்தான். பிறகு, ஹிந்தியில் அல்ல, தமிழில் சொன்னான்: "அப்பா இருக்கட்டும்."

அன்றுதான் எனக்குத் தெரிந்தது. அவனுக்கு மார்பு கொஞ்சம் வீங்கியிருந்தது, பெண்பிள்ளைக்குப் போல. தொட்டால் வலித்திருக்கிறது. விளையாட்டு நேரத்தில் சட்டை மாற்றும்போது ஒருவன் பார்த்துவிட்டு, வகுப்பு முழுக்கப் பெயர் வைத்துக் கூப்பிட்டிருக்கிறான். தான் ஆண்பிள்ளையே இல்லையோ என்று பயந்து, என் முழங்கால் பேண்டேஜை எடுத்து மார்பை இறுக்கிக் கட்டி, மேலே ஜாக்கெட்டை மாட்டியிருக்கிறான். வெயிலோடு அந்த இறுக்கமும் சேர்ந்துதான் மயங்கி விழுந்திருக்கிறான். "நிறையப் பயலுகளுக்கு இந்த வயசுல வாரதுதான் சார். உடம்பு வளரும்போது உள்ள சுரக்குதது கொஞ்சம் முன்னப்பின்ன ஆகும். ஒண்ணு ரெண்டு வருசத்துல பெரும்பாலும் தானா வத்திரும். வத்தாட்டா அப்ப பாத்துக்கிடலாம். இவனுக்கு இப்பவே பாதி வத்திட்டு" என்றார் அம்மா, சளிக்கு மருந்து சொல்கிற குரலில். நான் அவன் தோளில் கை வைத்தேன். அவன் விலகவில்லை. வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில், எனக்கும் அந்த வயதில் முகம் முழுக்கப் பரு வந்து, திருச்சியில் ஒரு கோடை முழுக்க வெளியே தலைகாட்டாமல் இருந்ததைச் சொன்னேன். "ஹவ்?" என்று கேட்டுச் சிரித்தான். அப்படியா என்பதற்கு இந்த ஊர்ச் சொல் அது. அடுத்த வாரம் கால்பந்துக்குப் போனான்.

எங்கள் தமிழ்க் குடும்பங்களின் கூட்டத்தில் ஒரு முறை அம்மாவைப் பேச அழைத்தோம். பிள்ளைகள் வளர்ச்சி பற்றித்தான். உயரத்துக்கு எந்தப் பவுடர் நல்லது என்று ஒருவர் கேட்டார். "டப்பாவுல இருக்க பையன் உசரமாத்தான் இருக்கான். அவன் அப்பனும் உசரமா இருப்பான். நீங்க எந்திரிச்சு நில்லுங்க பாப்போம்" என்றார். கேட்டவர் என்னைவிடக் குட்டை. சிரிப்பு அடங்கப் பத்து நிமிடம் ஆயிற்று. காலை நாலரை மணிக் கோச்சிங் வகுப்பைப் பற்றி ஒருவர் பெருமையாகச் சொன்னபோது மட்டும் அம்மா சிரிக்கவில்லை. "தூங்கும்போதுதான் வளரும். எழுப்பி எழுப்பி எதை வளக்கப் போறிய?" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டார். அந்த ஆண்டு அவரை மறுபடி அழைக்க யாருக்கும் தைரியம் வரவில்லை.

போன மாதம் அந்தச் சனிக்கிழமை தார்நாகா வீட்டு வாசலில் தெரு முழுக்க இளைஞர்கள். கழுத்தில் அடையாள அட்டையோடு நேரே அலுவலகத்திலிருந்து வந்தவர்கள், கைக்குழந்தையோடு வந்த பெண்கள், பட்டான்செரு மருந்துக் கம்பெனியில் இரவு ஷிப்ட் முடித்துத் தூங்காமல் வந்த ஒருவர். யாரும் யாரிடமும், உனக்கு அம்மாவை எப்படித் தெரியும் என்று கேட்டுக்கொள்ளவில்லை. அத்தனை பேரின் சேதியும் அவரோடு போயிற்று. அருண் அவர் காலடியில் வெகுநேரம் நின்றான். நானும் அழுதேன். அதைச் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை.

அம்மாவிடமிருந்து எனக்கு மிஞ்சியது பிள்ளையிடம் அனுமதி கேட்கிற பழக்கம். அப்பனுக்கு எதற்கு அனுமதி என்று நினைக்கிறவனாகத்தான் நான் இருந்தேன். இந்த அஞ்சலியை எழுதி முடித்ததும் முதலில் அருணுக்குத்தான் அனுப்பினேன், உன்னைப் பற்றி இவ்வளவு எழுதலாமா என்று கேட்டு. இரண்டு நாள் கழித்துக் கூப்பிட்டான். "எழுதுங்கப்பா. எங்கயோ ஒரு பையன் ஜாக்கெட் போட்டுட்டு உக்காந்திருப்பான். அவன் அப்பா படிக்கட்டும்" என்றான். ஒரே ஒரு பத்தியை மட்டும் எடுத்துவிடச் சொன்னான். எடுத்துவிட்டேன். அதில் என்ன இருந்தது என்று தயவுசெய்து யாரும் என்னிடம் கேட்காதீர்கள்.