ஷட்டர் கைப்பிடியோடு நடந்த காலை

கிள்ளைப் பக்கம் ஓர் இறால் குட்டை வேலையை விட்டுக் கரை மேல் நடந்துகொண்டிருந்தேன். தோள் பையில் சட்டை, லுங்கி, அடியில் ஷட்டர் திருகும் இரும்புக் கைப்பிடி. நடக்க நடக்க இடுப்பில் இடித்தது. அது இல்லாமல் குட்டைத் தண்ணீரை வெளியே விடுகிற கதவைத் திறக்க முடியாது. அதற்காகத்தான் கழற்றிக்கொண்டு வந்தேன்.

குட்டையில் வெள்ளைப்புள்ளி நோய் வந்து இறால் எல்லாம் செத்துவிட்டது. அப்படி வந்தால் தண்ணீரில் ப்ளீச்சிங் பவுடர் போட்டு மூடி வைக்க வேண்டும். கிருமி செத்து, பவுடரின் காரமும் வெயிலில் போன பிறகுதான் வாய்க்காலில் விடலாம். அந்த வாரம் முழுக்க மேகமூட்டம். முதலாளி நாட்களை எண்ணினாரே தவிர வெயிலைப் பார்க்கவில்லை. இறால் குஞ்சு பொரிக்கும் ஹேச்சரியில் புதுக் குஞ்சுக்கு வேறு சொல்லிவிட்டார்.

"வத்தம் ஆரம்பிச்சதும் தொறந்து வுட்டுடு" என்றார் போனில்.

"மூக்கு எரியுது மொதலாளி. கீழ வாய்க்கால்ல பொம்பளைங்க எறங்கியிருக்காங்க."

"அவுங்க டெய்லிதான் எறங்குறாங்க. நீ என்னா கலெக்டரா? தொற."

நான் எட்டாவதோடு நின்றவன். குமராட்சியில் கதிர்க்கட்டு தூக்கியிருக்கிறேன், செம்மங்குப்பத்தில் கெமிக்கல் டிரம் ஏற்றியிருக்கிறேன். கண்ணில் காரத் தண்ணீர் பட்டால் எப்படி இருக்கும் என்று தெரியும். போனை வைத்துவிட்டு நடந்தேன்.

இதைப் படிக்கும் பிள்ளைகளுக்கு வத்தம் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். கடல் ஒரு நாளில் இரண்டு முறை ஏறும், இரண்டு முறை இறங்கும். ஏறுவது ஏத்தம், இறங்குவது வத்தம். ஏத்தத்தில் கடல் தண்ணீர் முகத்துவாரம் வழியாக உள்ளே வந்து அலையாத்திச் செடிகளின் வேரை நனைக்கும். கடலில் பொரித்த இறால் குஞ்சுகளும் அதோடு வரும். வேர்ச் சந்தில் ஒளிந்து, தின்று வளர்ந்து, வத்தத்தோடு கடலுக்குத் திரும்பி அங்கே முட்டையிடும். சிதம்பரத்தில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்குக் கடல் எங்கோ இருப்பதாகத் தோன்றலாம். ஐப்பசியில் உங்கள் பையை நனைக்கிற மழை கடலிலிருந்து எழுந்ததுதான். உலகத்தில் உண்டாகும் பிராணவாயுவில் ஏறக்குறைய பாதி, கடலில் மிதக்கிற பொடிப் பாசிகள் கொடுப்பது. கடலோரத்து மண்ணையே மிதிக்காதவனும் கடலைத்தான் மூச்சில் இழுக்கிறான்.

வாய்க்காலில் பெண்கள் மார்பளவு தண்ணீரில் இருந்தார்கள். சேற்றைத் துழாவிக் கையாலேயே இறால் பிடிப்பார்கள். பிடித்ததைப் போட ஓலையில் பின்னிய பறி. அதன் கயிறு பல்லில் இருக்கும். வாயைத் திறந்தால் பறி போய்விடும். அதனால் வேலை நேரத்தில் யார் எது கேட்டாலும் "ம்ம்" மட்டும்தான்.

"மேல வாங்க! பவுடர் தண்ணி வரப்போவுது!"

"ம்ம்."

கைப்பிடியைத் தூக்கிக் காட்டினேன். அவர்களில் மூத்தவளான செல்லி பறியைக் கையில் எடுத்தாள்.

"என்னாண்ணே, குட்டையவே பேத்து எடுத்தாந்துட்டியா?"

"கதவு கைப்பிடி. தொறக்கச் சொன்னாரு, எடுத்துக்கிட்டு வந்துட்டேன்."

"அப்ப எப்படித் தண்ணி வரும்? நீ நல்லா பயமுறுத்துற போ. இந்த வத்தத்த வுட்டா எங்களுக்கு இன்னிக்கு என்னா இருக்குது?"

அப்போது கரை மேல் முதலாளியின் பைக் சத்தம் கேட்டது. பின்னால் பெரிய பைப் ரெஞ்ச் கட்டியிருந்தது. பெண்களின் சிரிப்பு நின்றுவிட்டது. அத்தனை பேரும் மேலே ஏறினார்கள்.

"கைப்பிடிய நீயே வச்சிக்கடா," என்றார் முதலாளி. "நான் ரெஞ்ச் போட்டுத் தொறக்குறேன்."

"தொறங்க மொதலாளி," என்றாள் செல்லி. "குஞ்சு வுடறதுக்கு முன்ன எப்பவும் நாலு எறால வுட்டுப் பாப்பீங்கல்ல? அத மட்டும் இப்பவே பாத்துடுங்க."

அது அவருடைய வழக்கம்தான். மறுத்துப் பேச வழியில்லை. ஒரு பக்கெட்டில் குட்டைத் தண்ணீர் மொண்டு வந்தேன். செல்லி பறியிலிருந்து துள்ளுகிற இறாலாக எடுத்துப் போட்டாள். அவை சுவரில் முட்டின, வெளியே குதிக்கப் பார்த்தன, பிறகு பக்கவாட்டில் சாய்ந்தன. முதலாளி குனிந்து முகர்ந்தார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வானத்தை அண்ணாந்து பார்த்தார்.

"வெயிலே இல்லியே," என்றார்.

அங்கேயே ஹேச்சரிக்குப் போன் போட்டார். "மச்சான், குஞ்சு இப்ப வேணாம். தண்ணி ரெடியாவல."



"நல்ல எறாலா பாத்துப் போட்டேன்," என்றாள் செல்லி. "உங்களால கொழம்புல நாலு கொறைஞ்சு போச்சு."

முதலாளியும் சிரித்தார். கைப்பிடியை அவர் கேட்டபோது செல்லி முந்திக்கொண்டாள். "எங்கிட்ட இருக்கட்டும். பக்கெட்டுல எறாலு என்னிக்கு உசுரோட நிக்குதோ அன்னிக்கே குடுத்துடுறேன்." அவர் தலையாட்டினார். என்னைப் பார்த்து, "நீ கெளம்பு. உன்ன வச்சிக்கிட்டு எனக்குத் தாங்காது," என்றார். கோபமாகச் சொல்லவில்லை. செல்லி என் போன் நம்பரை வாங்கிக்கொண்டு மறுபடி தண்ணீரில் இறங்கினாள். வத்தம் இன்னும் மிச்சம் இருந்தது.

பை இலேசாகியிருந்தது. சிதம்பரம் போய் கடலூர் பஸ் பிடித்தேன்.

மறுநாள் காலை முதுநகர் துறைமுகத்தில் ஐஸ் உடைக்கிற வேலை கிடைத்தது.

"முன்ன என்னா பாத்த?" என்றார் மேஸ்திரி.

"தண்ணி பாத்துக்கற வேல."

"இங்க தண்ணி அது பாட்டுக்குக் கெடக்கும். நீ ஐஸப் பாரு."

போட்டிலிருந்து முதல் கூடை இறங்கியது. சினை பிடித்த வெள்ளை இறால், விரலை விட நீளம். எந்த வாய்க்காலின் வேரில் வளர்ந்து கடலுக்குப் போனவையோ. உள்ளே குட்டையில் ஒரு கதவு மூடியிருந்தால் அதன் பலன் இவ்வளவு தூரம் வருகிறது. நான் கற்றது அவ்வளவுதான்.

போன் அடித்தது. செல்லி. "அண்ணே, இங்க வெயிலு சுள்ளுனு அடிக்குது. கைப்பிடி எங்க வூட்டுக் கூரையில சொருவியிருக்குது. நாங்க எறங்கப் போறோம்."

"பாத்து எறங்குங்க," என்றேன்.

"ம்ம்" என்று மட்டும் வந்தது. பறிக் கயிற்றைக் கடித்துவிட்டாள். போனை இடுப்பில் சொருகிவிட்டுக் கட்டையை ஓங்கி ஐஸின் மேல் போட்டேன்.