பதம் வராத சவரக்கத்தி

அந்தக் கல்லைத் தூக்கிக் குப்பையில் போட்டுவிடலாம் என்று எத்தனை முறை நினைத்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் அளவுதான். அந்தக் காலத்தில் சவரத் தொழிலாளிகள் கத்தி தீட்ட வைத்திருந்த சின்னச் சாணைக்கல். ஒரு பக்கம் சொரசொரப்பு, மறுபக்கம் வழவழப்பு. மேலே ஏதோ இங்கிலீஷ் எழுத்து, பாதி தேய்ந்துபோயிருக்கும். அரக்கோணத்தில் ஒரு பழைய சாமான் கடையிலிருந்து, ஒரு மடக்குச் சவரக்கத்தியோடு சேர்த்து என் கணவர் அதை வாங்கிவந்தார். தீபாவளி கழிந்த வாரம். அன்றைக்கு வீட்டுக்குள் நுழைந்த சனியன் வெளியே போகச் சித்திரை ஆயிற்று.

கல்லைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால் என் தலைமுடியைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். அதற்கு முந்தைய வருஷம் அவர் அம்மையார்குப்பத்தில் தறி ஓட்டிக்கொண்டிருக்கும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்துவிட்டார். சென்னைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். உள்ளே அவருடைய நெஞ்சைத் திறந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெளியே நான் ஆஸ்பத்திரிச் சுவரில் சாய்ந்துகொண்டு, “முருகா, இந்த மனுஷனை உசுரோட திருப்பிக் குடுத்துடுப்பா, என் முடி மொத்தத்தையும் உன் மலையில எறக்கிடறேன்” என்று வேண்டிக்கொண்டேன். திருப்பிக் கொடுத்தார். ஆனால் இனிமேல் தறிப்பக்கமே போகக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். தறிகளை அவருடைய தம்பியிடம் விட்டுவிட்டுத் திருத்தணிக்கு வந்து, மலைக்குக் கீழே வாடகைக்கு வீடு பிடித்தோம். நான் ஜாக்கெட் தைத்தேன். அவர் சும்மா இருந்தார்.

தறிச் சத்தத்திலேயே வாழ்ந்த மனுஷன் சும்மா உட்கார்ந்தால் என்ன ஆகும்? முதலில் ஃபேனைக் கழற்றினார். அப்புறம் குழாயைக் கழற்றினார். ஒரு நல்ல கிருத்திகையாகப் பார்த்து முடியைக் கொடுத்துவிட்டு வரலாம் என்று நான் பேச்செடுத்ததும்தான் அந்தக் கத்தி வீட்டுக்கு வந்தது.

“கண்டவன் கையில கீற பிளேடெல்லாம் உன் தலையில படக்கூடாது. என் கையால தீட்டுன கத்தியிலதான் உன் முடி எறங்கணும். ஒரு மாசம் டைம் குடு” என்றார்.

எனக்கு அப்போது பெருமையாகக்கூட இருந்தது. அவர் என் அத்தை மகன். பாவா என்று சின்ன வயதில் கூப்பிட ஆரம்பித்தது, கல்யாணத்துக்குப் பிறகும் மாறவில்லை. சந்தோஷமாக இருந்தால் ‘நீங்க’ என்பேன், கோபம் வந்தால் ‘நீ’ என்பேன். “சரிங்க பாவா, உங்க இஷ்டம்” என்று அன்றைக்குச் சொன்னதுதான். அதன் பிறகு ரொம்ப நாளைக்கு ‘நீங்க’ என் வாயில் வரவே இல்லை.

காலையில் காப்பி குடித்ததும் ஆரம்பித்துவிடுவார். சவர சோப்பை நுரைக்க என் தாளிப்புக் கரண்டிதான் கிண்ணம். அந்த நுரையைக் கல்மேல் தடவி, கத்தியைத் தட்டையாகப் படுக்கவைத்து, கூர்ப்பக்கத்தை முன்னால் தள்ளி ஒரு இழுப்பு. திருப்பிப் போட்டு இன்னொரு இழுப்பு. சர்ர், சர்ர் என்று அந்தச் சத்தத்தைக் கேட்டாலே எனக்குப் பல் கூசும். கல்லில் தீட்டியதும் வாரில் தேய்ப்பார். வார் என்றால் வேறொன்றும் இல்லை, மகள் வாங்கிக் கொடுத்த புதுத் தோல் பெல்ட். ஜன்னல் கம்பியில் அதை மாட்டி இழுத்துப் பிடித்துக்கொண்டு, முதல் நாளே குறுக்கே ஒரு வெட்டுப் போட்டார். ஃபோனில் யாரோ ஒரு வெள்ளைக்காரன் கத்தி தீட்டிக்கொண்டே இருப்பான். அவன் பேசுவதில் ஒரு வார்த்தை இவருக்குப் புரியாது. ஆனால் “ஆங்... ஆங்...” என்று தலையாட்டிக்கொண்டிருப்பார்.

பதம் பார்ப்பதற்கு அவருடைய கைமுடிதான் கிடைத்தது. முழங்கைக்குக் கீழே ரெண்டு கையும் வழுக்கை. பக்கத்து வீட்டு அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “ஏம்மா, அண்ணனுக்கு எதுனா தோல் வியாதியா?” என்று கேட்டார். நான் எங்கே போய் முட்டிக்கொள்வது? இதோடு விட்டாரா? கை ஊறல் தாங்காமல் ஒருநாள் என் துணி வெட்டும் கத்தரியையும் எடுத்து அதே கல்லில் தேய்த்து வைத்திருந்தார். அடுத்த நாள் முகூர்த்தத்துக்குக் கொடுக்க வேண்டிய பட்டு ஜாக்கெட். கத்தரி துணியை வெட்டாமல் மென்று துப்பியது. “வேலை இல்லன்னா தூங்கேன்யா! என் பொழப்புல ஏன் கைய வெக்கிற?” என்று தெருவே கேட்கக் கத்தினேன். அவர் சாந்தமாக, “இது வேற கோணம் போலக்கீது” என்றார். அந்தச் சாந்தம்தான் எனக்கு ஆகவே ஆகாது.

கைமுடி தீர்ந்ததும் என் தலைமுடிக்கு வந்தார். அந்த வெள்ளைக்காரன் சொல்லிக்கொடுத்த சோதனையாம். ஒற்றை முடியின் ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டு, மறு நுனியைக் கத்தியின் கூர்மேல் மெல்ல இறக்க வேண்டும். அழுத்தக்கூடாது, இழுக்கக்கூடாது. முடி தானாக ரெண்டாக விழுந்தால் பதம் வந்துவிட்டது. நான் தலை வாரினதும் சீப்பிலிருந்து ஒரு முடியை உருவிக்கொண்டு ஜன்னல் வெளிச்சத்துக்குப் போவார். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார். கொஞ்ச நேரம் கழித்து, “ஊஹூம். இன்னும் பதம் வரலமே” என்பார்.

கார்த்திகை மாதக் கிருத்திகை போயிற்று. மார்கழிக் கிருத்திகையும் போயிற்று. வாசலில் நின்றால் மலை தெரியும். சாமி இறங்கி வந்து, “என்னம்மா ஆச்சு?” என்று கேட்காததுதான் பாக்கி. எனக்குப் பயமாக இருந்தது. விளையாட்டுப் பயம் இல்லை. உயிரைக் கொடுத்தவர் திருப்பி எடுத்துக்கொள்ள எவ்வளவு நேரமாகும்? இவர் இருமினால் என் தையல் மெஷின் நின்றுவிடும். தூக்கத்தில் புரண்டால் எழுந்து உட்கார்ந்து அவருடைய நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பார்ப்பேன். தை மாதத்தில் ஒருநாள் காய்கறிப் பையோடு வந்தவர் வாசப்படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார். ஆட்டோவில் போட்டுக்கொண்டு ஓடினேன். வெறும் வாயு என்று மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள்.

“வாயுவா இது? முருகன் குடுக்கற எச்சரிக்கை! நாளைக்கே போயி முடியைக் குடுத்துட்டு வரேன்” என்று அழுதேன்.

“அவசரப்படாத. இன்னும் ரெண்டே வாரம். கல்லோட வழி இப்பதான் புடிபட்டுகினு வருது” என்றார்.

மகள் ஃபோனில், “பூமுடி குடுத்துடும்மா, மூணு கத்தரிப்பு, வேலை முடிஞ்சிச்சி” என்றாள். அதெப்படி? மொத்தமும் என்று சொல்லிவிட்டு நுனியை மட்டும் நீட்டினால் முருகனுக்குத் தெரியாதா? அப்பாவும் மகளும் சேர்ந்து என்னைப் பைத்தியமாக்கினார்கள். இவரைக் கேட்காமல் தனியாகப் போய்விடலாம் என்று ரெண்டு தடவை புடவை மாற்றிக்கொண்டு கிளம்பினேன். யாருக்காக வேண்டிக்கொண்டேனோ அந்த ஆள் மனசு நோகக் கொடுத்தால் அது சேருமா என்று ஒரு சந்தேகம். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து மெஷினில் உட்கார்ந்தேன். அன்றைக்குத் தைத்த ஜாக்கெட்டுக்கெல்லாம் வலது கை இடது கை மாறிப்போனது.

பங்குனி முடியும்போது ஒரு காலை, சர்க்கரை பார்க்க ரத்தம் கொடுத்துவிட்டு வருவதாக அவர் வெளியே போனார். நான் தரையைத் துடைக்கும்போது ஜன்னலுக்குக் கீழே ஒரே சோப்பு நுரை காய்ந்து ஒட்டிக்கிடந்தது. சுரண்டினாலும் வரவில்லை. அவ்வளவுதான், எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு ஆத்திரம் வந்ததோ. கல்லைத் தூக்கிக் குப்பைக் கூடையில் போட்டேன். அடுத்து கத்தியை எடுத்தேன். எடுத்தவள் மடக்கைத் திறந்து பார்த்தேன். ஜாக்கெட் தோளில் என் முடி ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. பாதி நரைத்த நீள முடி. இவர் அப்படி என்னதான் பார்க்கிறார் என்று ஒரு நுனியைப் பிடித்துக் கத்திமேல் இறக்கினேன்.

முடி ரெண்டாகப் போய்விட்டது. கையில் ஒன்றுமே தெரியவில்லை. பின்னலிலிருந்து இன்னொன்று பிடுங்கி இறக்கினேன். அதுவும் விழுந்தது. பிடியின் பக்கம், நடுவில், நுனியில் என்று எங்கே இறக்கினாலும் விழுந்தது. வருஷக்கணக்காகக் கத்தரி பிடித்தவள் நான், எது வெட்டும் எது வெட்டாது என்று எனக்குத் தெரியாதா? கத்திக்குப் பதம் எப்போதோ வந்துவிட்டது. இந்த மனுஷன் தினமும் எனக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு பொய் சொல்லியிருக்கிறார்.

அவர் கையில் பஞ்சை அழுத்திக்கொண்டு உள்ளே வந்தார். அவர் கண்ணெதிரே ஒரு முடியை இறக்கிக் காட்டினேன்.

“எப்பலேர்ந்து?”

அவர் பார்வை குப்பைக் கூடையில் கிடந்த கல்லுக்குப் போயிற்று.

“உன்னைத்தான் கேக்கறேன். எப்பலேர்ந்து?”

“பொங்கலுக்கு முன்னாலயே வந்துடுச்சி” என்றார், தரையைப் பார்த்துக்கொண்டு.

சொன்னால் நம்ப மாட்டீர்கள், ஒரு நிமிஷம் எனக்கு வெட்கமாக வந்தது. என் முடிமேல் இவருக்கு இவ்வளவு ஆசையா? மொட்டைத் தலையோடு என்னைப் பார்க்க மனசு வரவில்லையா? கோபம் பாதி இறங்கிவிட்டது. “முடிதானே பாவா, வளந்துட்டுப் போவுது” என்றேன்.

“அட, உன் முடிய யாரு கேட்டாங்க!” என்றார்.

“பின்ன?”

கட்டிலில் உட்கார்ந்தார். பஞ்சை எடுத்துப் பார்த்தார், மறுபடி வைத்து அழுத்தினார். “நீ குடுத்துட்டா கணக்கு தீந்துபோச்சு. முருகனுக்கு உன்கிட்டேர்ந்து வரவேண்டியது எதுவும் இல்ல. அப்பறம் என்னை வெச்சிக்கினு அவருக்கு இன்னா வேலை? வர வேண்டியது நிலுவையில கீற வரைக்கும் என்னைத் தூக்க மாட்டாருன்னு நெனச்சேன்.”

நான் கொடுக்காததால் செத்துப்போய்விடுவார் என்று நான் நடுங்கிக்கொண்டிருந்தேன். கொடுத்துவிட்டால் செத்துப்போய்விடுவோம் என்று அவர் நடுங்கிக்கொண்டிருந்திருக்கிறார். ஒரே கட்டிலில், ஆளுக்கொரு பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு. வாயைத் திறந்து சொல்லியிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்?

“நாசமாப் போறவனே!” என்று கத்திவிட்டு, அந்த வார்த்தை வெளியே வந்துவிட்டதே என்று பதறி, வாயில் நானே ரெண்டு போட்டுக்கொண்டு, அப்புறம் அழுதேன். “வட்டிக் கடைக்காரரா அவரு? உன்னை அடகு புடிச்சி வெச்சிக்கிறாரா? வர கிருத்திகைக்கு நான் போறேன். நீயும் வர.”

வந்தார். சித்திரைக் கிருத்திகை. மலைமேல் வரை ஆட்டோவில் போனோம். அவர் இடுப்பில் துணி சுற்றிய கத்தி. முடி இறக்கும் இடத்தில் எங்கள் முறை வந்ததும் அதை எடுத்து நீட்டினார். அங்கிருந்தவர் திறந்து பார்த்துவிட்டு, “நல்லாத்தான் தீட்டிக்கிறீங்க சார். ஆனா இங்க ஆளுக்கு ஒரு புது பிளேடுதான். வேற கத்தி எடுத்தா என்னைத் தொரத்திடுவாங்க” என்று மடக்கித் திருப்பிக் கொடுத்துவிட்டார். தீபாவளியிலிருந்து நான் பட்ட பாடெல்லாம் அந்த ஒரு பேச்சில் வீணாய்ப் போயிற்று.

“அப்போ... இந்தக் கத்திக்கு பர்மிஷன் கேட்டு வெச்சிட்டு இன்னொரு நாள் வருவோமா?” என்றார் இவர்.

“மூச்சு வுடாத” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்து தலையைக் குனிந்தேன்.

முடி இறக்குபவர் தண்ணீர் ஊற்றித் தலையைத் தேய்த்தார். அப்புறம் முடி மடியில் விழுந்துகொண்டே இருந்தது. காது, பிடரி எல்லாம் சில்லென்று காற்றுப் பட்டது. என்னவோ இறக்கி வைத்த மாதிரி எனக்கு மூச்சு ஆழமாக வந்தது. ஓரக்கண்ணால் பார்த்தேன். இவர் சந்நிதிப் பக்கம் திரும்பி நின்று கண்ணை இறுக்க மூடியிருந்தார். உதடு மட்டும் வேகவேகமாக அசைந்துகொண்டிருந்தது.

குளித்து, சந்தனம் பூசிக்கொண்டு, தரிசனம் முடிந்து வெளியே வந்தோம். இறங்குவதுதானே, படியில் போகலாம் என்றார். முகம் தெளிந்திருந்தது. கொஞ்சம் படிகள் இறங்கியதும் கேட்டேன்.

“அங்க நின்னுகினு இன்னா வேண்டிக்கினீங்க?”

“உன் கணக்கு முடிஞ்சிச்சில்ல? அதான் என் பேர்ல புதுசா ஒண்ணு ஆரம்பிச்சேன். நான் நல்லபடியா இருந்தா காவடி எடுக்கறேன்னு.”

“எப்போ?”

“வர ஆடிக் கிருத்திகைக்கு.”

நான் அந்தப் படியிலேயே நின்றுவிட்டேன்.

“ஆடியா? சித்திரை இது. ஆடிக்கு இன்னும் எவ்ளோ நாளு இருக்குது, கண்ணை மூடித் தொறந்தா வந்துடும்! கேக்கறது கேட்ட, அவ்ளோதான் கேக்கத் தெரிஞ்சிதா உனக்கு? பேரன் கல்யாணம் முடிஞ்சதும் எடுக்கறேன்னு சொல்ல வாய் வரலியா? இன்னும் பேரனே பொறக்கலய்யா!”

ஏறுகிறவர்கள், இறங்குகிறவர்கள் எல்லாரும் நின்று பார்த்தார்கள். சந்தனத் தலையோடு நான் நடுப்படியில் நின்று மேலே கையைக் காட்டினேன்.

“போ. திரும்பிப் போயி மாத்திச் சொல்லிட்டு வா.”

அவர் திரும்பி, கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஏற ஆரம்பித்தார்.

“மெல்ல ஏறு பாவா! மெல்ல!” என்று பின்னாலிருந்து கத்தினேன்.