என் மச்சானின் நாலாவது மாடி

என் மனைவியின் தம்பியை அவன் வேலை பார்க்கும் தீயணைப்பு நிலையத்தில் ஏணி என்றுதான் கூப்பிடுவார்கள். அவ்வளவு உயரம். ஃபியூஸ் போன பல்பை ஸ்டூல் இல்லாமலே கழற்றி மாட்டுவான். இருபத்திரண்டு வயதில் வேலையில் சேர்ந்தவனுக்கு இப்போது நாற்பத்தைந்து. இத்தனை வருடமும் வண்டியில் டிரைவருக்குப் பின்னால் ஜன்னலோரம்தான் அவன் இடம். யாரையாவது பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனால்கூட, படிக்கட்டு எந்தப் பக்கம், கதவு உள்ளே திறக்குமா வெளியே திறக்குமா என்று பார்த்துவிட்டுத்தான் நோயாளியை நலம் விசாரிப்பான். ஸ்கூட்டரை எப்போதும் தெருவைப் பார்த்தே நிறுத்துவான். சாப்பாடு நாலு நிமிடத்தில் முடிந்துவிடும். "எவன்டா உன்னைத் துரத்துறான்?" என்று என் மனைவி கேட்டால், "மணி அடிச்சிருமேக்கா" என்பான். லீவு நாளிலும் அதே பதில்தான்.

இவனைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைப்பு. எழுதினால் என்னைப் பற்றியும் எழுத வேண்டிவரும். அதனால்தான் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன்.

நான் நாலாம் வகுப்போடு நின்றவன். பதினொரு வயதில் வெல்டிங் பட்டறைக்குப் போனேன். கேட் செய்தேன், ஜன்னல் கம்பி செய்தேன், பிறகு சொந்தப் பட்டறை போட்டேன், வீடும் கட்டினேன். வீட்டின் கீழ்த்தளத்தில் ஜிம் வைத்தேன். அங்கே இருக்கும் பார், பெஞ்சு, ஸ்டாண்டு எல்லாம் நான் பற்றவைத்தவை. எடைப் பிளேட்டுகளைக்கூட நானே வெட்டி, கடைசல் பிடித்து, தராசில் நிறுத்துச் சரிபார்த்தேன். நான் இருபது கிலோ என்று பெயிண்ட் அடித்தால் அது இருபது கிலோதான். அறுபத்தாறு வயதில் இன்றைக்கும் நூறு கிலோ தூக்குகிறேன். சந்தேகம் உள்ளவர்கள் காலையில் ஏழு மணிக்கு வந்து பார்க்கலாம். யாரோ விட்டுப்போன டிரெட்மில் ஒன்றும் மூலையில் கிடந்தது. அதில் நாங்கள் துண்டு காயப்போடுவோம்.

நாற்பத்தைந்து வயதானவர்களுக்கு அவன் நிலையத்தில் ஒரு சோதனை உண்டு. இருபது கிலோ குழாய்ச் சுருளைத் தோளில் போட்டுக்கொண்டு ஆறு மாடிக் கோபுரத்தில் ஏறி இறங்க வேண்டும். கீழே வந்ததும் எழுபது கிலோ பொம்மையை முப்பது மீட்டர் இழுத்துப் போட வேண்டும். எல்லாம் ஏழு நிமிடத்துக்குள். தவறினால் வண்டியில் இடம் கிடையாது. போன் அறையில் உட்கார வேண்டியதுதான்.

மூன்று மாதம் இருக்கும்போது என்னிடம் வந்தான்.

"அத்தான், வாரத்துல மூணு நாள் இங்க வரேன். ரெண்டு நாள் ஓடறேன். எனக்கு ரெண்டும் வேணும்."

"ஓடுனா என்னாகும் தெரியுமா மாப்ள? நான் இங்க ஏத்திவிடற சதையெல்லாம் ரோட்டுல கொட்டிட்டு வருவ."

"ஆறு மாடி அத்தான். மூச்சு வாங்குமே?"

"கால்ல பலம் இருந்தா மூச்சு ஏன்டா வாங்கப்போகுது?"

பக்கத்து பெஞ்சில் டம்பெல் பிடித்துக்கொண்டிருந்த பி.டி. டீச்சர் சிரித்துவிட்டார். "ஏண்ணே, நெஞ்சு வேலை செய்யாம காலு மட்டும் தனியா மாடி ஏறுமா?"

"நீங்க ஸ்கூல்ல விசில் ஊதுங்க டீச்சர். இது இரும்பு அடிக்கிற இடம்."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது.

அன்றைக்கே அவனுக்கு ஒரு சட்டம் போட்டேன்: முதலில் இரும்பு, அது முடிந்தால் ஓட்டம். ஆனால் இரும்பை முடிய நான் விட்டதே இல்லை. இன்னும் ஒரு செட், இன்னும் ஒரு செட் என்று இழுப்பேன். அதற்குள் அவனுக்கு டியூட்டிக்கு நேரமாகிவிடும். மூன்று மாதத்தில் அவன் ஒழுங்காக ஓடியது ஆறோ ஏழோ நாள். என்னை எதிர்த்து ஒரு வார்த்தை சொன்னதில்லை. அக்கா புருஷன் என்கிற மரியாதை.

இதைவிடப் பெரிய தப்பு ஒன்று இருக்கிறது. ஜிம் சுவரில் ஒரு கரும்பலகை உண்டு. யார் அதிகம் தூக்கினார்களோ அவர்கள் பெயரை அதில் சாக்பீஸால் எழுதுவேன். பாரத்தைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழும் ஸ்குவாட்டில் நூற்றைம்பது கிலோவை அதுவரை யாரும் தொட்டதில்லை. என் வீட்டு ஆள் பெயர் அங்கே ஏற வேண்டும் என்று எனக்கு ஆசை. சோதனைக்கு முந்தின நாள் காலையில் பிளேட்டுகளை மாட்டி வைத்துக்கொண்டு காத்திருந்தேன்.

"இன்னைக்கு வேணாமே அத்தான். சும்மா கை கால நீட்டிட்டுப் போறேன்."

"இதத் தூக்கிட்டுப் போ. நாளைக்கு அந்தப் பொம்மை பஞ்சு மூட்டை மாதிரி இருக்கும்."

மூன்று தடவை உட்கார்ந்து எழுந்தான். சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். நான் பலகையில் பெரிதாக எழுதினேன். வெளியே போகும்போது வாசலில் இருக்கும் மூன்றே மூன்று படியை அவன் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கினான். அதை நான் பார்த்தேன். பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டேன்.

மறுநாள் இஸ்திரி போட்ட சட்டையோடு போய் வேலி ஓரமாக நின்றேன். பக்கத்தில் நின்றவரிடம், "அதோ அந்த உசரமான ஆள், நான் தயார் பண்ணது" என்றேன். கோபுரத்துக்குச் சுவர் கிடையாது. ஏறுவது கீழிருந்தே தெரியும். மூன்று மாடி ஓட்டமாக ஏறினான். நாலாவது மாடியில் நின்றுவிட்டான். கம்பியைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்து திறந்து மூச்சு இழுத்தான். தொடை இரண்டும் வெடவெடவென்று ஆடுவது வேலிவரை தெரிந்தது. பிறகு ஒவ்வொரு படியாக ஏறி இறங்கி வந்து பொம்மையை இழுத்தான். அன்றைக்கு வந்த ஆட்களில் பொம்மையை வேகமாக இழுத்தவன் அவன்தான். ஆனாலும் மொத்தத்தில் பத்தொன்பது வினாடி அதிகம். எட்டு வாரம் கழித்து இன்னொரு வாய்ப்பு. அதுவும் போனால் ரிட்டையர் ஆகும்வரை போன்தான் என்று அதிகாரி சொல்லிவிட்டார்.

பக்கத்தில் நின்றவர் என்னைப் பார்த்தார். செருப்பில் கல் ஏறிய மாதிரி நான் குனிந்துகொண்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் எங்கள் வீட்டில் சாப்பாடு. என் மனைவி தம்பியைப் பிடிபிடியென்று பிடித்தாள்.

"சின்ன வயசுலேர்ந்தே நீ சோம்பேறிதான்டா. அத்தான் உனக்காக எவ்வளவு மெனக்கெட்டாரு? அவரு மானத்தையும் சேர்த்து வாங்கிட்டியே!"

அவன் தட்டைப் பார்த்துக்கொண்டே, "ஆமாக்கா. முந்தின நாள் சரியா தூங்கல. வயிறும் சரியில்ல" என்றான்.

அவன் வயிற்றுக்கு ஒன்றும் இல்லை. நான் வாயைத் திறந்தேன். சோறு இன்னும் கொஞ்சம் வை என்று கேட்டேன்.

மூன்றாவது வாரம், ஒரு கேட்டுக்கு அளவு எடுக்கப் போனவன் நிலையத்து வழியாக வந்தேன். மணி அடித்தது. பூட்ஸ் சத்தம். வண்டி சீறிக்கொண்டு வெளியே வந்தது. ஜன்னலோரத்தில் வேறு ஒருவர் உட்கார்ந்திருந்தார். வண்டிக்குப் பின்னால் வாசலுக்கு இவன் வந்தான். காதில் மாட்டும் போன் கழுத்தில் கிடந்தது, அதன் வயர் தரையில் இழுபட்டது. வண்டி தெருமுனை திரும்பும்வரை நின்று பார்த்தான். என்னை அவன் பார்க்கவில்லை. அளவு குறித்த காகிதத்தை எங்கே தொலைத்தேன் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "அன்னிக்கு அவனை நான் அந்தத் திட்டு திட்டறேன்... நீங்க கேட்டு வாங்கிச் சாப்பிட்டீங்களே" என்றாள். நாற்பது வருடத்தில் என்னை அவள் கேட்டதிலேயே சின்னக் கேள்வி அது. தம்பிக்குப் போன் போட்டு அழுதாள். அவனோ, "விடுக்கா, கால் என்னுதுதானே?" என்றானாம்.

மறுநாள் டீச்சரிடம் போய் நின்றேன்.

"எப்படிப் பண்ணணும்னு எழுதிக் குடுங்க டீச்சர்."

"எழுதுனா படிப்பீங்களா?"

"நாலாம் வகுப்புக்குள்ள வர்ற மாதிரி எழுதுங்க."

சிரிக்காமல் எழுதிக் கொடுத்தார். ஒரு நாள் ஓட்டம், மறுநாள் இரும்பு. ஒரே நாளில் இரண்டும் என்றால் காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. வாரத்தில் ஒரு நாள் தோளில் சுமையோடு படிக்கட்டு. கடைசி நாலு நாள் காலுக்குப் பாரமே கூடாது. "இரும்ப விடச் சொல்லல அண்ணே. அந்தப் பொம்மையை இழுத்தது உங்க இரும்புதான். மூச்சுக்கும் ஒரு இடம் குடுங்கன்னுதான் சொன்னேன்" என்றார்.

டிரெட்மில்லின் மேல் கிடந்த துண்டுகளை எடுத்துவிட்டு நானே எண்ணெய் போட்டேன். படிக்கட்டு நாளில் மணல் மூட்டையோடு அவன் பக்கத்து அடுக்குமாடியில் ஏறுவான். நான் கடிகாரத்தோடு கீழே நிற்பேன். இரண்டாவது சோதனையில் நாலாவது மாடியில் அவன் நிற்கவில்லை. இருபத்தாறு வினாடி மிச்சம் வைத்து முடித்தான்.

அன்று மாலை ஜிம்முக்கு வந்து எல்லோர் முன்னாலும், "எல்லாம் அத்தான் போட்ட உடம்புதான்" என்றான். அப்படியே வாங்கிக்கொள்ள மனசு துள்ளியது, பொய் சொல்வானேன். ஆனால் எழுந்து நின்று, ஓட விடாமல் தடுத்தது, பலகைக்காக முந்தின நாள் பாரம் ஏற்றியது, சாப்பாட்டில் வாயை மூடிக்கொண்டது எல்லாவற்றையும் சொன்னேன்.

"அண்ணனுக்குத் தன்னடக்கம் ஜாஸ்திப்பா" என்றான் ஒருவன். எல்லோரும் கைதட்டினார்கள்.

வாழ்க்கையில் என்னைத் தன்னடக்கக்காரன் என்று யாரும் சொன்னதில்லை. முதல் தடவையாகச் சொன்னார்கள், அதுவும் அன்றைக்கு. மச்சானும் சிரித்துக்கொண்டே கைதட்டினான். வாயால் சொன்னதை யாரும் நம்பாததால்தான் இப்போது எழுதுகிறேன். அந்த எட்டு வாரத்தில் வண்டி எத்தனை தடவை வெளியே போனது என்று அவனிடம் ஒருநாள் கேட்டேன். யோசிக்காமல் சொன்னான்: பதினேழு. ஒவ்வொரு தடவையும் போனை எடுத்து, விலாசம் கேட்டு, மணியை அடித்தது அவன்தான்.