கமலாக்கா வீட்டுக் கேமராவும் நனைந்த சாரமும்

பக்கத்துக் காம்பராவான கமலாக்கா வீட்டு வாசலில் கேமரா மாட்டியிருக்கிறார்கள். ஆள் நடந்தால் கழுத்தைத் திருப்பிப் பார்க்கும். பேசவும் செய்யும். கமலாக்காவின் மகன் சுரேஷ் கொழும்பிலிருந்து வாங்கி அனுப்பிய சனியன்.

வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் மழை வந்தால், வீட்டில் இருப்பவர்தான் எல்லார் துணியையும் எடுத்து உள்ளே வைப்பார். யாரும் யாரிடமும் கேட்பதில்லை.

இன்று எனக்கு லீவு. மத்தியானம் தூறல் விழுந்ததும் என் துணியை எடுத்துவிட்டு, கமலாக்கா வாசல் கொடிக்குப் போனேன்.

"யாரது? எங்க வாசல்ல என்ன வேல?"

கேமராவுக்குள்ளிருந்து சுரேஷ்.

"நான்தான் தம்பி. மழ வருது, துணி எடுக்குறேன்."

"அக்காவா? சரி சரி. கையில இருக்குறத கொஞ்சம் கேமராவுக்குக் காட்டுங்க, பாப்போம்."

என் கையில் இருந்தது அவன் அப்பா இடுப்பில் கட்டும் சாரம். நன்றாக விரித்தே காட்டினேன்.

பிறகு அதைத் திரும்பவும் கொடியில் போட்டு, கிளிப்பும் மாட்டிவிட்டு வந்து கதவைச் சாத்திக்கொண்டேன். மழை கொட்டித் தீர்த்தது.

தேயிலைக் கொழுந்து பறித்துவிட்டு நனைந்து வந்த கமலாக்கா, "ஏன் புள்ள, நீ வீட்டுலதானே இருந்த? துணிய எடுத்து வைக்கலியா?" என்றார்.

"ஒங்க மகன் பாத்துக்கிட்டுதானே இருந்தாரு. அவருகிட்ட கேளுங்கக்கா."

அந்தக் கேமராவுக்குக் கண் இருக்கிறது, வாய் இருக்கிறது. துணி எடுக்கக் கைதான் இல்லை. கை வைத்தது எங்காவது விற்றால் சொல்லுங்கள், நானே வாங்கிக் கொடுக்கிறேன்.

சுரேஷ், இந்தப் பதிவையும் நீ பார்த்துக்கொண்டுதான் இருப்பாய் என்று தெரியும்.