மேற்குச் சுவரும் தங்கவேலும்

கல் லாரி தொப்பூர் தாண்டிவிட்டதா என்று எங்கள் வேலைக் குழுவின் வாட்ஸ்அப்பில் காலையில் கேட்டிருந்தேன். பதில் வந்ததா என்று பார்த்தபோது என் கேள்விக்குக் கீழே வேறொரு செய்தி கிடந்தது. திருச்செங்கோட்டுத் தங்கவேல் விடியற்காலை மாரடைப்பில் போய்விட்டார். மறுபடி படித்துக்கொண்டிருக்கும்போதே, லாரி தாண்டிவிட்டது என்று யாரோ அடியில் போட்டார்கள். சாரத்தின் நிழலில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அழுகை வரவில்லை. அலுப்புத்தான் வந்தது.

கட்டடங்களின் வெளிச்சுவரில் கல் மாட்டும் கம்பெனி ஒன்றில் அவரும் நானும் சூப்பர்வைசர்கள். அவர் ஆட்களைப் பார்ப்பார். நான் அளவையும் சரக்கையும் பார்ப்பேன். அவரோடு வேலை செய்தவர்களுக்கு அவருடைய வாயைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. நல்ல நேரத்தில் எல்லாரும் அவருக்குச் 'சாமி'. கோபம் வந்துவிட்டால் யாரும் சாமி இல்லை. ஒரு சித்திரை மத்தியானம் சுவரெல்லாம் அனலடிக்க, தூக்குப்போசியைத் திறந்தார். மோர்ச்சோறு புளித்துப் பொங்கியிருந்தது. மூடி வைத்துவிட்டுச் சொன்னார்: "இந்த வெயிலுக்கு என்னைய ரொம்பப் புடிச்சுப் போச்சுங்க. எந்த சைட்டுக்குப் போனாலும் பின்னாலயே வந்துருது." என் எலுமிச்சைச் சாதத்தில் பாதியைக் கொடுத்தேன். வாங்கித் தின்றுவிட்டு உப்பு பற்றவில்லை என்றார்.

அவரைப் பற்றி நான் சொல்ல நினைப்பது சேலத்தில் நாங்கள் பார்த்த அந்த ஓட்டல் வேலை. புதிய கட்டடம். வெளிப்புறம் முழுக்க இயற்கையான ஸ்லேட் கல். இந்தக் கல்லைச் சிமெண்ட் வைத்து ஒட்டுவதில்லை. சுவரில் அலுமினியச் சட்டம் அடித்து, கிளிப்பில் கல்லைத் தொங்கவிட வேண்டும். கல்லுக்கும் சுவருக்கும் நடுவே காற்றுப் போகிற அளவுக்கு இடம் விட வேண்டும். கல்லின் இடுக்கு வழியே மழை உள்ளே போனாலும் அந்த இடைவெளியிலேயே இறங்கிக் கீழே வடிந்துவிடும், சுவர் நனையாது. வேலைக்கு வந்தவர்கள் பனமரத்துப்பட்டிப் பக்கத்து டைல்ஸ் கொத்தனார்கள். நல்ல கைகள். ஆனால் இந்த முறை அவர்களுக்குப் புதிது.

அவர்களுக்கு மேஸ்திரி ஆறுமுகம். முதல் நாளே கேட்டார்: "ஏனுங்க சார், பின்னாடி காலியாவே உடறோமே, எதுக்குங்க?" தங்கவேல் அப்போது போனில் ஓட்டல் முதலாளியிடம் பாட்டு வாங்கி முடித்திருந்தார். கல் பாதி உடைந்து வந்திருந்தது. கிரேன்காரன் வரவில்லை. "சொன்னதைச் செய்யய்யா, கேள்வி கேக்காம" என்று எரிந்து விழுந்தார். ஆறுமுகம் தலையாட்டிவிட்டுப் போனார். பக்கத்தில் நின்ற எனக்கு அது ஒரு பேச்சாகவே படவில்லை. சைட்டில் நாளெல்லாம் நடப்பதுதான்.

டைல்ஸ் வேலைக்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒட்டிய கல்லை விரலால் தட்டிப் பார்ப்பார்கள். பொள்ளலாகச் சத்தம் வந்தால் கலவை பிடிக்கவில்லை, வேலை மோசம் என்று அர்த்தம். பெயர்த்துத் திரும்ப வைப்பார்கள். இங்கே மேற்குச் சுவரில் எந்தக் கல்லைத் தட்டினாலும் பொள்ளல்தான். ஆறுமுகத்துக்கு மனசு கேட்கவில்லை. நாங்கள் இருவரும் கிழக்குப் பக்கம் அளவெடுத்துக்கொண்டிருந்த நாட்களில், வரிசைக்கு வரிசை பின்னால் சிமெண்ட் பாலைக் கரைத்து ஊற்றி நிரப்பிவிட்டார். கூலிக்கு மேல் வேலை. யாரும் கேட்காமல் செய்தது.

சுவரின் அடியில் தண்ணீர் வடிய விட்டிருந்த இடத்தில் சிமெண்ட் வழிந்து உறைந்திருப்பதைத் தங்கவேல்தான் பார்த்தார். கூப்பிட்டுக் கேட்டபோது ஆறுமுகம் சந்தோஷமாகவே சொன்னார்: "பொள்ளலா இருந்துச்சுங்க சார். இப்பத் தட்டிப் பாருங்க, கிண்ணுனு இருக்கும்." தங்கவேல் தட்டிப் பார்த்தார். அவர் திட்டுவார் என்று காத்திருந்தேன். நேரே போய்த் தண்ணீர் குடித்தார்.

திறப்பு விழாவுக்கு முகூர்த்தம் குறித்தாகிவிட்டது, பத்திரிகையும் கொடுத்தாகிவிட்டது. மேற்குப் பக்கம் முழுவதையும் பெயர்த்தால்தான் உண்டு. இல்லாவிட்டால் மழைக்கு அறைகளின் சுவரெல்லாம் ஓதம் ஏறும். விஷயத்தைச் சொல்லத் தங்கவேல் என்னையும் அழைத்துக்கொண்டு ஓட்டல் முதலாளியிடம் போனார். முதலாளி கத்தியது வாசல் வரை கேட்டிருக்கும். "எவன் ஊத்துனான்? அவன் பேரைச் சொல்லுங்க. இந்த ஊர்ல இனி அவன் கரண்டி புடிக்கக் கூடாது."

"தப்பு என்னுதுங்க" என்றார் தங்கவேல். "வேற யாரு பேரும் இதுல இல்லீங்க."

பெயர்த்து முடித்ததும் அவரை இந்த வேலையிலிருந்து எடுத்துவிட வேண்டும் என்று முதலாளி கம்பெனிக்குச் சொல்லிவிட்டார். கம்பெனியும் சரி என்றது. வெளியே வந்ததும் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இந்த வயதில் எதற்கு இந்தத் தியாகி வேஷம் என்று கேட்டேன்.

"தியாகமெல்லாம் ஒண்ணுமில்லீங்க" என்றார். "மொத நாளே வந்து கேட்டான். நாந்தான் வாயை அடைச்சேன். கேட்டவனுக்குப் பதில் சொல்லாம உட்டுப்போட்டு, தெரியாமச் செஞ்சுட்டான்னு அவனையே எப்படிங்க கை காட்டறது?"

வெயிலில் அந்தச் சுவரைப் பெயர்த்த நாட்களை நினைத்தால் இன்றும் தோள் வலிக்கிறது. கல் பாதிக்கு மேல் உடைந்தது. திறப்பு விழா அன்று மேற்குச் சுவரை ஒரு பெரிய பேனரால் மூடி வைத்தார்கள். அதற்கு முன்பே தங்கவேலைக் குமாரபாளையத்தில் ஏதோ சின்ன வேலைக்கு அனுப்பிவிட்டார்கள். அதன்பிறகு அவருக்குப் பெரிய வேலை எதுவும் தரவில்லை. போனில் பேசும்போது, "இங்கயும் வெயில் வந்துருச்சுங்க" என்று மட்டும் சொல்வார்.

தங்கவேலை எடுத்து முடித்துச் சுடுகாட்டிலிருந்து திரும்பி, அவர் வீட்டு வாசலில் போட்டிருந்த நாற்காலியில் சாய்ந்தேன். கண் தானாக மூடியது. யாரோ தோளைத் தொட்டார்கள். ஆறுமுகம். பஸ் மாறி மாறி வந்திருக்கிறார்.

"சார், ஒண்ணு கேக்கணும். ஊத்துனது நாந்தானே? அன்னிக்கு அவரு எதுக்கு எம்பேரச் சொல்லல? எம்மேல எரக்கப்பட்டா?"

அப்புறம் பேசலாமப்பா என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். உடம்பு அப்படி இருந்தது. ஆனால் எழுந்து உட்கார்ந்தேன். பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு அவரை உட்காரச் சொன்னேன். அன்று தங்கவேல் சொன்னதை ஒன்று விடாமல் சொன்னேன். தங்கவேலிடமிருந்து எனக்கென்று நான் எடுத்துக்கொண்டது இவ்வளவுதான்: எவ்வளவு அலுத்திருந்தாலும், கேட்டு நிற்கிறவருக்குப் பதில் சொல்வது.

ஆறுமுகம் நாற்காலியோடு என் பக்கம் நகர்ந்தார்.

"அப்ப நான் அன்னிக்குக் கேட்டதை அவரு மறக்கவே இல்லீங்களா?" என்றார்.

மறக்கவில்லை என்றேன். துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.